வாரத்தில் ஒரு மணி நேரம்: பள்ளிக்குப் பெற்றோரும் ஊராரும் எப்படிக் கைகொடுக்கலாம்?

பதிவு 1: இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். இந்தக் கல்வியாண்டின் முதல் பெற்றோர் கூட்டத்தில், பள்ளிக்கு உதவ விரும்புவோர் பெயர் எழுதித் தரலாம் என்று ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார்கள். ஆண்டு விழா அலங்காரம், நன்கொடை திரட்டுதல், சுற்றுலாவுக்குத் துணை வருதல் என்று அதில் மூன்றே தலைப்புகள் இருந்தன. பேரனுக்காக வந்து என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "இதில் எனக்கு ஏற்றது ஒன்றுமில்லையே அம்மா" என்று அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். அவர் பல ஆண்டுகள் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக இருந்தவர் என்பது பிறகு பேச்சுவாக்கில் தெரிய வந்தது. கூட்டம் முடிந்து வீடு திரும்பிய பின்னும் அவர் முகம் என் நினைவை விட்டு அகலவில்லை.

நானும் பெயர் எழுதவில்லை. வேலைக்குச் செல்பவள் நான். வாரத்தில் ஒரு நாள் காலை மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். விழா நாளில் தோரணம் கட்டுவதைக் குறைத்துச் சொல்லவில்லை, அதுவும் வேண்டியதுதான். ஆனாலும் ஒரு குழந்தையின் படிப்புக்கே நேரடியாகப் பயன்படுகிற உதவி எது, அதை ஆசிரியருக்குத் தொல்லையாகாமல் எப்படிச் செய்வது என்பதை அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதிவு 2: ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம், அதுவும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் என்றால், அதைவிட மதிப்புள்ள உதவியை நான் என் 32 ஆண்டுப் பணிக்காலத்தில் அதிகம் கண்டதில்லை.

வகுப்பறைக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வகுப்பில் 35 குழந்தைகள் இருக்கிறார்கள், வாசிப்புப் பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வேறு எதுவுமே செய்யாமல் ஒவ்வொரு குழந்தையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாலும், ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கிடைக்கும். சரளமாக வாசிக்கும் குழந்தைக்கு அந்த ஒரு நிமிடம் போதும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தை அந்த நிமிடத்தில் ஒரு வரியைக்கூடத் தாண்டாது. தாண்டுவதற்குள் பக்கத்தில் இருப்பவன் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிடுவான். இப்படியே ஐந்தாம் வகுப்பு வரை வந்து சேரும் குழந்தைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கற்கும் திறன் குறைவு என்று சொல்ல மாட்டேன். அவர்கள் வாசிப்பதைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்க ஒருவர் இல்லாமல் போனதுதான் குறை.

ஆகவே, வகுப்பாசிரியர் சொல்லும் மூன்று குழந்தைகளை ஒருவர் பின் ஒருவராக அருகில் அமர்த்தி, ஆளுக்கு 15 அல்லது 20 நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இதற்கு ஆசிரியர் பயிற்சி தேவையில்லை. கேட்கும் முறையை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் மகளின் வகுப்பு அல்லாமல் வேறு வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக் குழந்தை கண்முன் இருக்கும்போது பெற்றோரின் கண் அங்கேதான் போகும், குழந்தையும் தாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அது இயல்பு; அதனுடன் போராடுவதைவிட இடத்தை மாற்றிக்கொள்வது எளிது.

பதிவு 3: இழையைத் தொடங்கியவர்

மிக்க நன்றி அம்மா. குழந்தை ஒரு சொல்லில் தடுமாறி நின்றுவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் மகளுடன் உட்காரும்போது உடனே சொல்லிக் கொடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் "நேற்றுத்தானே படித்தாய்" என்று பொறுமை இழந்துவிடுகிறேன். இரண்டும் சரியில்லை என்று மட்டும் தெரிகிறது.

பதிவு 4: ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை

இதற்கென்றே நன்கு பரிசோதிக்கப்பட்ட முறைகள் இருக்கின்றன. நியூசிலாந்தில் டெட் கிளின், ஸ்டூவர்ட் மெக்நாட்டன், விவியன் ராபின்சன் ஆகியோர் பெற்றோருக்காகவே உருவாக்கிய முறை ஒன்றை நான் என் பள்ளியின் தன்னார்வலர்களுக்குக் கற்றுக்கொடுத்து வந்தேன். பொறுத்திரு, குறிப்புக் கொடு, பாராட்டு என்ற மூன்று படிகள்தான் அது.

குழந்தை நின்றால் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து நொடி உங்களுக்கு ஐந்து நிமிடம் போலத் தோன்றும். ஆனாலும் வாயைத் திறக்காதீர்கள். பல நேரங்களில் குழந்தை தானாகவே சொல்லைக் கண்டுபிடித்துவிடும், தவறாக வாசித்ததைத் தானே திருத்திக்கொள்ளவும் செய்யும். இயலாவிட்டால், விடையைச் சொல்லாமல் ஒரு குறிப்பைக் கொடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. "கண்ணன் பள்ளிக்குப் போனான்" என்ற வரியை ஒரு சிறுவன் "கண்ணன் பல்லிக்குப் போனான்" என்று வாசித்தான். அவனிடம் "தப்பு" என்று சொல்லாமல், வரி முடியும் வரை காத்திருந்து, "கண்ணன் எங்கே போனான் என்று சொன்னாய்?" என்று கேட்டேன். அவன் ஒரு கணம் யோசித்தான், சிரித்தான், மறுபடியும் அந்தச் சொல்லுக்குப் போய் ளகரத்தின் மேல் விரலை வைத்துச் சரியாக வாசித்தான். வாசித்தது பொருளோடு பொருந்தாதபோது பொருளைப் பற்றிக் கேளுங்கள். பொருள் பொருந்தி எழுத்து மட்டும் மாறியிருந்தால், அந்த எழுத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு குறிப்புக்குப் பிறகும் வரவில்லையென்றால் சொல்லை நீங்களே சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். ஒரு சொல்லுக்காகக் கதையை நிறுத்திவைக்கக் கூடாது.

பாராட்டும்போது வெறுமனே "நன்று" என்று சொல்லி விடாதீர்கள். "யாரும் சொல்லாமல் நீயே திருத்திக்கொண்டாய், அதைக் கவனித்தேன்" என்று சொன்னால், எதற்காகப் பாராட்டப்பட்டோம் என்பது குழந்தைக்குப் புரியும்.

மிகவும் தயங்கும் குழந்தைகளுக்கு இணைந்து வாசித்தல் என்ற முறை ஏற்றது. ரோஜர் மார்கன் பிரிட்டனில் தொடங்கி, பின்னர் கீத் டாப்பிங் பரவலாக்கிய முறை அது. இருவரும் ஒரே நேரத்தில், குழந்தையின் வேகத்தில், வாய்விட்டு வாசிக்க வேண்டும். தனியாக வாசிக்கலாம் என்ற துணிவு வந்தவுடன் குழந்தை மேசையை மெல்லத் தட்டும். நீங்கள் உடனே நிறுத்திவிட வேண்டும். எங்கேனும் தடுமாறி நான்கைந்து நொடியில் திருத்திக்கொள்ள முடியாவிட்டால், சொல்லைச் சொல்லிக் கொடுத்து, மறுபடியும் சேர்ந்து வாசிக்கத் தொடங்குங்கள். அந்தத் தட்டலுக்காக நான் காத்திருந்த நாள்கள் உண்டு. ஒரு சிறுமி ஆறு வாரம் கழித்துத்தான் முதன்முறையாகத் தட்டினாள். அதுவும் சுட்டுவிரலால், கேட்டும் கேளாத ஓசையில்.

பதிவு 5: பள்ளி நூலகத்தில் உதவிவரும் தாத்தா

என் பேத்தி படிக்கும் பள்ளியில் நான்கு ஆண்டுகளாக நூலகத்துக்குச் சென்று வருகிறேன். நான் வந்த புதிதில், 'கிழிந்தவை' என்று எழுதி ஒட்டப்பட்ட பெட்டிகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. திறந்து பார்த்தபோது ஓர் உண்மை புரிந்தது: குழந்தைகள் மிகவும் விரும்பிப் படித்த புத்தகங்கள்தாம் அந்தப் பெட்டிகளுக்குள் போயிருந்தன. அலமாரியில் பளபளப்பாக நின்றவை யாரும் தொடாதவை.

ஒட்டும் வேலையில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. சாதாரண ஒளிபுகும் ஒட்டுநாடாவைக் கொண்டு பக்கங்களை ஒட்டிவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி, பசை கசிந்து, தாளையும் கெடுத்துவிடும். கழன்ற பக்கம் ஒன்றிரண்டு என்றால், காய்ந்த பின்னும் வளையக்கூடிய வெள்ளைப் பசையை உள் ஓரத்தில் மெல்லிய கோடாகத் தடவிப் பொருத்தி, இரு பக்கமும் மெழுகுத்தாள் வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வைத்தால் போதும். பசை குறைவாக இருப்பதே நல்லது. கூடினால் பக்கத்துப் பக்கமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இடைவேளையில் குழந்தைகள் வந்து நான் செய்வதைப் பார்ப்பார்கள். இப்போது நான்காம் வகுப்புக் குழந்தைகள் சிலர் என்னோடு உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். தான் ஒட்டிய புத்தகத்தை ஒருவன் தன் தம்பிக்காக எடுத்துச் சென்றான்; திருப்பிக் கொடுக்கும்போது தைத்த துணியைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தான்.

பதிவு 6: பணியில் உள்ள உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்

எல்லோருடைய நல்லெண்ணத்தையும் மதிக்கிறேன். ஆனால் இந்த உரையாடலில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நூலகருக்கு ஒரு பணியிடம், சிறப்புக் கவனம் வேண்டிய குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், அலுவலகத்துக்கு ஓர் எழுத்தர் என்று ஒரு பள்ளிக்குத் தேவையானவை பல. அவற்றை அரசோ நிர்வாகமோ நிரப்பாமல் விட்டுவிட்டு, தன்னார்வலர்கள்தாம் இருக்கிறார்களே என்று கைகழுவிவிடுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் நூலகர் ஓய்வு பெற்றார். மூன்று தாய்மார்கள் முறை வைத்து நூலகத்தைத் திறந்து வைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் நூலகம் நன்றாகவே நடந்தது. அதைக் காரணமாகக் காட்டியே புதிய நூலகர் வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள். அந்தத் தாய்மார்களின் குழந்தைகள் பள்ளியை விட்டுச் சென்றபின் நூலகம் பூட்டப்பட்டது. இன்னொரு கவலை: வசதியுள்ள பகுதிப் பள்ளிகளுக்குத்தான் ஓய்வும் நேரமும் உள்ள பெற்றோர் நிறையக் கிடைக்கிறார்கள். இப்படிப் போனால் இருக்கும் ஏற்றத்தாழ்வு இன்னும் கூடும் அல்லவா?

பதிவு 7: பள்ளிக் குழுவில் பெற்றோர் பிரதிநிதி

ஐயா சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன், அந்த நூலகத்தின் கதை எனக்கு வலிக்கவும் செய்கிறது. எங்கள் குழுவில் ஒரு விதியை எழுதியே வைத்திருக்கிறோம்: சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையைத் தன்னார்வலர் ஏற்கக் கூடாது, ஏற்க நேர்ந்தால், அது எத்தனை நாளுக்கு என்று முன்கூட்டியே குறிக்க வேண்டும், அந்தப் பணியிடத்தை நிரப்பக் கோரும் கடிதமும் அதே நாளில் போக வேண்டும். குழந்தையின் வாசிப்பைக் கேட்பதும் தாத்தா புத்தகம் ஒட்டுவதும் ஆசிரியர், நூலகர் வேலைக்கு மேலதிகமானவை. அவர்கள் இருந்தால்தான் அவையும் நன்றாக நடக்கும்.

ஆனால் 'உரிமையைக் கேட்பது' என்ற ஒன்றோடு நிறுத்திக்கொள்வதும் போதாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பும், அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. சில கிராமங்களில் கூட்டம் கூட்டி, பள்ளிக் குழுவின் அதிகாரங்கள் என்ன என்பதை மக்களுக்கு விளக்கினார்கள். சில கிராமங்களில் அதோடு, குழந்தைகளின் வாசிப்பைத் தாங்களே சோதித்துப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவது வகைக் கிராமங்களில் இவற்றோடு, ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தச் செய்தார்கள். முதல் இரண்டு வகைக் கிராமங்களிலும் பள்ளியில் மக்கள் பங்கேற்பும் கூடவில்லை, குழந்தைகளின் கற்றலும் மேம்படவில்லை. மூன்றாவது வகையில், முகாமுக்கு வந்த குழந்தைகளின் வாசிப்பு முன்னேறியது.

இதில் மறைக்கக் கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. முகாமுக்கு வந்த குழந்தைகள் மொத்தத்தில் சிறு பங்கினர்தாம். தன்னார்வலர்களால் எல்லோரையும் எட்ட முடியவில்லை. ஆகவே ஐயாவின் கவலையும் இந்த ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, அதற்குப் பயிற்சியும் கொடுத்தால் சாதாரண மக்கள் செய்து காட்டுவார்கள். பொதுவாக 'பங்கெடுங்கள்' என்று அழைத்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் ஒதுங்கிப் போவார்கள். இழையைத் தொடங்கிய சகோதரி கண்ட அந்தப் பெரியவரைப் போல.

பதிவு 8: இரவுப் பணியில் உள்ள தந்தை

பகலில் பள்ளிக்கு வர முடியாதவர்களைப் பற்றியும் பேச வேண்டும். நான் இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்புகிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு நான் வராததைக் கண்டு, மகன் மீது அக்கறை இல்லாதவன் என்று சிலர் நினைத்திருக்கக்கூடும். அது என்னை மிகவும் வருத்தியது.

பிறகு ஒரு கட்டுரை என் பார்வையை மாற்றியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாய்ஸ் எப்ஸ்டீன் 1995இல் குடும்பமும் பள்ளியும் சமூகமும் சேர்ந்து இயங்கும் வழிகளை ஆறு வகைகளாகப் பிரித்து எழுதினார். தன்னார்வப் பணி அவற்றில் ஒன்று. பள்ளி நேரத்தில் பள்ளிக் கட்டடத்துக்குள் வந்து செய்வது மட்டுமே தன்னார்வப் பணி ஆகாது. பள்ளியின் நோக்கங்களுக்கும் குழந்தைகளின் கற்றலுக்கும் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த வகையில் துணை நின்றாலும் அது தன்னார்வப் பணிதான் என்று அவர் அந்தச் சொல்லுக்கே புதிய வரையறை தந்தார்.

வீடு திரும்பும் நேரமும் குழந்தைகள் பள்ளிக்குப் புறப்படும் நேரமும் எனக்கு ஒன்றுதான். எனவே எங்கள் தெருக்களில் உள்ள பதினொரு குழந்தைகளை நானும் இன்னொரு தாயும் சேர்ந்து நடத்தி அழைத்துச் செல்கிறோம். குறித்த வழி, குறித்த நிறுத்தங்கள், குறித்த நேரம். பேருந்து போலவே, ஆனால் கால்நடையாக. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவிட் எங்விக்ட் 1990களின் தொடக்கத்தில் முன்வைத்த இந்த எண்ணம் இன்று பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர். சாலையைக் கடக்கும் இடத்தில் எல்லோரும் ஒன்றாக நின்று ஒன்றாகக் கடப்போம். பெற்றோர் எழுத்தில் சம்மதம் தந்த குழந்தைகளை மட்டுமே அழைத்துச் செல்கிறோம். தாமதமாக வருவதும் அடிக்கடி விடுப்பு எடுப்பதுமாக இருந்த இரண்டு குழந்தைகள் இப்போது எங்களுக்கு முன்னால் நிறுத்தத்தில் வந்து நிற்கிறார்கள்.

பதிவு 9: சொல்வதை எழுதும் தன்னார்வலர்

பார்வையற்ற மாணவர்களுக்கும், கையால் எழுத இயலாத மாணவர்களுக்கும் தேர்வில் அவர்கள் சொல்வதை எழுத ஆள் தேவைப்படுகிறது என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். தேர்வு நெருங்கும்போது ஆள் கிடைக்காமல் அந்த மாணவர்களும் பெற்றோரும் படும் பாட்டைச் சொல்லி மாளாது.

இதில் நல்ல மனம் மட்டும் போதாது, கட்டுப்பாடும் வேண்டும். மாணவர் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். விடை தவறு என்று தெரிந்தாலும் முகத்திலோ குரலிலோ காட்டக் கூடாது. நமக்குத் தெரிந்த சொல்லைச் சேர்க்கக் கூடாது. முதன்முறை எழுதியபோது, மாணவி ஒரு கணக்கில் கழித்தல் குறியை விட்டுவிட்டுச் சொன்னாள். என் பேனா அரைக்கணம் நின்றது. அந்தத் தயக்கத்தை அவள் உணர்ந்துவிட்டாள். "நான் ஏதாவது விட்டுவிட்டேனா?" என்று கேட்டாள். "நீங்கள் சொன்னதை எழுதிவிட்டேன்" என்று மட்டும்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. அன்று முதல், தேர்வுக்கு முன் இரண்டு முறையாவது மாணவருடன் அமர்ந்து மாதிரித்தாள் எழுதிப் பழகாமல் நான் செல்வதில்லை. வினாவை எந்த வேகத்தில் வாசிக்க வேண்டும், படத்தை எப்படி விவரிக்க வேண்டும், எழுதியதை எப்போது திருப்பி வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பழக்கத்தில்தான் வரும். யார் எழுதலாம், எந்த வகுப்பு வரை படித்திருக்கலாம் என்பதில் தேர்வு வாரியங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. முதலில் அவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு 10: பள்ளி ஆற்றுப்படுத்துநர்

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது. குழந்தைகளோடு பழக வருபவர் யாராக இருந்தாலும், ஊரில் எவ்வளவு நல்ல பெயர் எடுத்தவராக இருந்தாலும், பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இதற்கென்றே அரசு நடைமுறைகள் இருக்கின்றன. அத்தகைய நடைமுறை இல்லாத இடங்களிலும் பள்ளி தானே சிலவற்றைச் செய்யலாம்: அடையாளச் சான்றைச் சரிபார்ப்பது, அறிந்தவர் இருவரிடம் விசாரிப்பது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது.

தன்னார்வலர்கள் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். வாசிப்பைக் கேட்பது நடைகூடத்திலோ, கதவு திறந்த வகுப்பறையின் ஓரத்திலோ நடக்கட்டும். குழந்தையின் படத்தை எடுக்க வேண்டாம். தொலைபேசி எண்ணை வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். வீட்டில் நடக்கும் கொடுமையை ஒரு குழந்தை உங்களிடம் சொல்ல நேர்ந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அமைதியாகக் கேளுங்கள், துருவித் துருவி விசாரிக்காதீர்கள், அன்றைக்கே பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் குழந்தை சொன்ன சொற்களிலேயே சொல்லிவிடுங்கள். அதே நேரத்தில், எந்தக் குழந்தை எழுத்துக்கூட்டுகிறது, எந்தக் குழந்தை அழுதது என்பவை பள்ளிக்கு வெளியே போகக் கூடாது. அடுத்த வீட்டுத் திண்ணையில் தன் பெயர் பேசப்பட்டதை அறிந்த ஒரு சிறுவன், அதன்பின் யாரிடமும் வாய்விட்டு வாசிக்க மறுத்ததை நான் அறிவேன்.

பதிவு 11: தையல் தொழிலாளியின் மகள்

என் அம்மா நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பள்ளி வாசலைத் தாண்டவே கூசுவார். என் தம்பியின் கணக்காசிரியர்தான் அவரை வகுப்புக்கு அழைத்தார். பாடம் அளவுகள் பற்றியது. அம்மா அளவுநாடாவையும் ஒரு செய்தித்தாளையும் எடுத்துச் சென்றார். ஒரு மாணவனின் தோளையும் மார்பையும் அளந்து, தாளை இரண்டாக மடித்து, "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் என்பதால் பாதியை மட்டும் வெட்டினால் போதும்" என்று கத்தரித்து விரித்துக் காட்டினார். சமச்சீர் என்றால் என்ன என்பதை அந்த வகுப்பு அன்று கண்ணால் கண்டது. தையலுக்கு விடும் ஓரத்தைக் கூட்டாமல் வெட்டினால் என்னவாகும் என்று ஒரு பையன் கேட்டான். அம்மா, கேள்வி கேட்டவனையே அந்தக் காகிதச் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

அமெரிக்காவின் டூசான் நகரில் லூயிஸ் மோல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைப் பற்றியே ஆய்வு செய்து 1992இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்கு, கற்றுக்கொடுப்பவர்களாக அல்லாமல் கற்றுக்கொள்பவர்களாகச் சென்று, விவசாயம், கட்டடவேலை, மருத்துவம், வணிகம் என்று அந்த வீடுகளில் எவ்வளவு அறிவு குவிந்திருக்கிறது என்பதைக் கண்டு, அதைப் பாடமாக மாற்றினார்கள். படித்தவர்கள் மட்டுமே பள்ளிக்கு உதவ முடியும் என்று எண்ணும் பெற்றோர் எத்தனையோ பேர். அவர்களாக வரமாட்டார்கள். பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.

பதிவு 12: இடையில் விட்டவர்

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் வாரம் மூன்று நாள் வருவதாக ஒப்புக்கொண்டேன். உற்சாகத்தில் சொன்னதுதான். ஐந்தாவது வாரத்தில் வேலை கூடியது. ஒரு நாள் போகவில்லை, அடுத்த வாரம் இரண்டு நாள், பிறகு மொத்தமாகவே போகவில்லை. பள்ளிக்குச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. சில மாதம் கழித்து வகுப்பாசிரியரைச் சந்தித்தபோது, என்னிடம் வாசித்த சிறுவன் பல நாள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல் ஓரத்தில் நின்றான் என்று சொன்னார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதனாலேயே இன்று வரை மறக்க முடியவில்லை.

சகோதரி, ஒரு மணி நேரம்தான் முடியும் என்றால் ஒரு மணி நேரம் என்றே சொல்லுங்கள். பருவத் தேர்வு வரை மட்டும்தான் என்றால் அதையும் முதல் நாளே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். வர முடியாத நாளில் முன்கூட்டியே செய்தி அனுப்புங்கள். நிறுத்த வேண்டிய நிலை வந்தால் நேரில் சென்று விடைபெற்றுக்கொள்ளுங்கள்.

பதிவு 13: பள்ளிக் குழுவில் பெற்றோர் பிரதிநிதி

மேலே உள்ள பதிவுக்குத் தலைவணங்குகிறேன். இதில் பள்ளிகளுக்கும் பொறுப்பு உண்டு. தன்னார்வலர் வந்தால் எங்கே உட்காருவது, யாரைக் கேட்பது என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய எக்ஸ்பீரியன்ஸ் கோர் என்ற திட்டத்தில் முதியவர்களைத் தொடக்கப்பள்ளிகளில் வாரம் 15 மணி நேரம் ஈடுபடுத்தினார்கள். தனித்தனியாக அனுப்பாமல், பயிற்சி கொடுத்து, ஒரு பள்ளிக்கு ஒரு குழுவாக அனுப்பினார்கள். ஒருவர் வராத நாளில் இன்னொருவர் இருந்தார். குழந்தைகளோடு முதியவர்களின் நலனும் அதில் கணக்கில் கொள்ளப்பட்டது; பால்டிமோரில் நடந்த முன்னோட்ட ஆய்வில், பங்கெடுத்த முதியவர்களின் உடலியக்கம் கூடியதைக் கண்டார்கள்.

பதிவு 14: இழையைத் தொடங்கியவர்

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. இந்த வாரம் இரண்டு காரியங்கள் நடந்தன.

இரண்டாம் வகுப்பாசிரியரைச் சந்தித்து, "நான் இதைச் செய்யட்டுமா" என்று கேட்காமல், "வாரம் ஒரு மணி நேரம் ஒருவர் வந்தால் உங்களுக்கு எது மிகவும் உதவும்?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவே இல்லை. இதுவரை இந்தக் கேள்வியை யாரும் தம்மிடம் கேட்டதில்லை என்றார். பிறகு ஒரு சீட்டில் மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை காலை, நடைகூடத்து மேசை, பருவத் தேர்வு வரை. தலைமையாசிரியர் என் அடையாளச் சான்றின் நகலைப் பெற்றுக்கொண்டு, குறிப்பேட்டில் கையெழுத்து வாங்கினார்.

அந்தப் பெரியவரையும் தேடிச் சென்று பேசி, பள்ளி நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். கிழிந்த புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தவர், படத்தைப் பார்க்கவில்லை, தலைப்பைப் பார்க்கவில்லை. முதுகைத் தடவிப் பார்த்தார். "சேர்த்து மடித்த பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்போம் அம்மா. இதில் நடுப் பாரம் அப்படியே கழன்றிருக்கிறது. இதை ஒட்டக் கூடாது, தைக்க வேண்டும்" என்றார். புதன்கிழமை ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். குழந்தைகளுக்குக் காட்டலாமா என்று அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

எனக்கு ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது. முதல் நாளே அந்த மூன்று குழந்தைகளையும் வாசிக்கச் சொல்லலாமா?

பதிவு 15: ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை

வேண்டாம். முதல் நாள் நீங்கள் வாசியுங்கள், அவர்கள் கேட்கட்டும். மூன்று புத்தகங்களைக் கொண்டுபோய் மேசையில் பரப்பி, எதை வாசிக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள். ஓரிடத்தில் நீங்களும் ஒரு சொல்லில் நின்று, திரும்பிப் போய்ச் சரிசெய்து வாசியுங்கள்.